ஸ்டோரேஜ் செலவு ஏறிக்கொண்டே போகிறது: டீடூப்ளிகேஷன் உள்ள புதிய ஆரே வாங்குவதா, எல்லாவற்றையும் கிளவுடுக்கு மாற்றுவதா?

ஆரே என்பது பல டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்த்த ஸ்டோரேஜ் பெட்டி. டீடூப்ளிகேஷன் என்பது ஒரே டேட்டா பல முறை வந்தாலும் ஒரே ஒரு பிரதியை மட்டும் வைத்து இடத்தை மிச்சப்படுத்தும் வசதி. ஆரேயோ கிளவுடோ, எதை முடிவு செய்வதற்கும் முன்னால், ஒரே டேட்டா உங்களிடம் எத்தனை பிரதிகளாகக் கிடக்கிறது என்று எண்ணிவிடுங்கள். ஸ்டோரேஜும் பேக்கப்பும்தான் என் அன்றாட வேலை. செலவு கைமீறிப் போன இடங்களில் பெரும்பாலும் டேட்டா பெருகியதைவிட அதன் பிரதிகள் பெருகியதையே பார்த்திருக்கிறேன்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 1 டிபி (டெராபைட்) அளவுள்ள டேட்டாபேஸ். மிரர் செய்த டிஸ்க்கில், அதாவது எல்லாவற்றையும் இரண்டு டிஸ்க்கில் எழுதி வைத்தால் 2 டிபி. பேரிடர் வந்தால் சமாளிக்க வேறொரு இடத்தில் ரெப்ளிகா (அசலோடு சேர்ந்தே புதுப்பிக்கப்படும் நகல்), அங்கேயும் மிரர் என்றால் 4 டிபி. டெஸ்டிங், டெவலப்மென்ட், ரிப்போர்ட்டிங் என்று மூன்று குழுக்களுக்கும் ஆளுக்கொரு முழு காப்பி, அதுவும் அதே மிரர் டிஸ்க்கில்: 10 டிபி ஆகிவிட்டது. வாரம் ஒரு முழு பேக்கப் என்று நான்கு வாரத்துக்கு வைத்திருந்தால் 14 டிபி. அப்ளிகேஷனுக்கு வேண்டியதோ 1 டிபிதான்.

இதில் ரெப்ளிகாவிலும் பேக்கப்பிலும் அவசரப்பட்டுக் கை வைக்காதீர்கள். அவை காரணத்தோடு இருப்பவை. அந்த மூன்று குழுக்களின் 6 டிபியைப் பாருங்கள். ஸ்னாப்ஷாட்டிலிருந்து (டேட்டா ஒரு நொடியில் இருந்த நிலையின் பதிவு) எழுதக்கூடிய குளோன் எடுத்துக் கொடுக்கும் வசதி பல ஆரேக்களில் ஏற்கெனவே இருக்கும். குளோனில் யாராவது மாற்றி எழுதும் பிளாக்குகளுக்கு (டேட்டாவின் சிறு துண்டுகளுக்கு) மட்டும்தான் புதிதாக இடம் போகும். அசல் டேட்டாபேஸ் கடும் சுமையில் ஓடுகிறது என்றால் ரெப்ளிகா பக்கத்திலிருந்து குளோன் எடுங்கள். வாடிக்கையாளர் விவரங்களை மறைத்த பிறகே டெஸ்டிங் குழுவுக்குக் கொடுங்கள். செலவைவிட இது எனக்கு முக்கியமாகப் படுகிறது.

இனி டீடூப்ளிகேஷன். ஒரே மாதிரியான வர்ச்சுவல் மெஷின்கள், திரும்பத் திரும்ப எடுக்கும் முழு பேக்கப்புகள் இருந்தால் அள்ளிக் கொடுக்கும். வீடியோ, ஜேபெக் படங்கள் என்றால் கிட்டத்தட்ட ஒன்றும் மிச்சமாகாது. அப்ளிகேஷனே என்கிரிப்ட் செய்து அனுப்பினால் ஆரேயின் கண்ணுக்கு எல்லாமே தாறுமாறான பிட்டுகள்தான். டீடூப்ளிகேஷனும் எடுபடாது, கம்ப்ரஷனும் எடுபடாது. முதலில் சுருக்கி, அதன் பிறகு என்கிரிப்ட் செய்யும்படி வரிசையை அமைக்க வேண்டும். விற்பவர் ஐந்துக்கு ஒன்று என்று விகிதம் சொன்னால், அதில் ஸ்னாப்ஷாட்டையும் தின் ப்ரொவிஷனிங்கையும் (இன்னும் எழுதாத இடத்தையும் கொடுத்ததாகக் காட்டுவது) சேர்த்திருக்கிறாரா என்று கேளுங்கள். உங்கள் டேட்டாவின் மாதிரியைக் கொடுத்து ஓட்டிப் பார்த்து, வரும் விகிதத்தை எழுத்தில் வாங்குங்கள்.

டீடூப்ளிகேஷனுக்கு மெமரியும் வேண்டும். இசட்எஃப்எஸ் (ZFS) என்ற ஃபைல் சிஸ்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தனித்த பிளாக்குக்கும், ஏற்கெனவே இருக்கும் பிளாக்குகளை அடையாளம் காண வைக்கும் அட்டவணையில் சுமார் 320 பைட் பிடிக்கும் என்பது வழக்கமாகப் போடும் கணக்கு. 128 கேபி பிளாக் என்றால் 1 டிபிக்கு ஏறக்குறைய 84 லட்சம் பிளாக்குகள், அதாவது சுமார் 2.5 ஜிபி. டேட்டாபேஸுக்காக பிளாக்கை 8 கேபி ஆக்கினால் அதுவே 16 மடங்காகி 40 ஜிபியைத் தொடும். எல்இசட்4 (LZ4) என்ற கம்ப்ரஷன் முறை அப்படியல்ல. சிபியு செலவு மிகக் குறைவு, டிஸ்க்கிலிருந்து படிக்க வேண்டிய அளவும் குறைவதால் சில வேலைகள் வேகமாகவே ஓடும். அதை எப்போதும் ஆன் செய்தே வையுங்கள்.

கிளவுடில் செலவு வேறு விதமாக ஒளிந்திருக்கும். அமேசானின் பழைய ஜிபி2 (gp2) வகை வால்யூமில், அதாவது கிளவுட் டிஸ்க்கில், ஒரு ஜிகாபைட்டுக்கு 3 ஐஓபிஎஸ்தான் (நொடிக்கு எத்தனை முறை படிக்க, எழுத முடியும் என்ற எண்ணிக்கை). தொடர்ச்சியாக 3000 ஐஓபிஎஸ் வேண்டுமென்றால், 200 ஜிபி டேட்டாவுக்கும் 1000 ஜிபி வாங்கியாக வேண்டும். 2020 டிசம்பரில் வந்த ஜிபி3 (gp3) வகையில் எந்த அளவாக இருந்தாலும் 3000 ஐஓபிஎஸ் அடிப்படையாகவே கிடைக்கும், ஒரு ஜிபிக்கான விலையும் குறைவு. வகையை ஓட்டத்திலேயே மாற்றலாம். அளவைக் குறைக்கத்தான் முடியாது. சிறிய வால்யூம் புதிதாக உருவாக்கி டேட்டாவை நகர்த்த வேண்டும்.

அமேசானின் ஃபைல் கிடங்கான எஸ்3-இல் முதலில் பார்க்க வேண்டியது பாதியில் நின்றுபோன மல்ட்டிபார்ட் அப்லோடுகளை (பெரிய ஃபைலைத் துண்டு துண்டாக ஏற்றுவது). வழக்கமான பட்டியலில் அவை தெரியாது, கட்டணம் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். சில நாட்களில் அவற்றைத் துடைக்கும் லைஃப்சைக்கிள் விதி ஒன்று போதும். வெர்ஷனிங் ஆன் செய்திருந்தால், நீக்கிய ஃபைலின் பழைய வெர்ஷன்களும் அப்படியே இருக்கும். அவற்றுக்கும் ஒரு விதி எழுதுங்கள்.

பழைய டேட்டாவை மலிவான அடுக்குக்குத் தள்ளுவது நல்லதுதான், விதிமுறைகளைப் படித்துவிட்டுத் தள்ளுங்கள். எஸ்3-இல் அடிக்கடி தொடாத டேட்டாவுக்கான ஸ்டாண்டர்ட் ஐஏ வகுப்பில் 10 கேபி ஃபைலுக்கும் 128 கேபிக்கான கட்டணம்தான். லட்சக்கணக்கில் குட்டி லாக் ஃபைல்கள் இருந்தால் ஒன்றாகக் கட்டி, சுருக்கி, அப்புறம் அனுப்புங்கள். அதன் டீப் ஆர்க்கைவ் வகுப்பில் குறைந்தது 180 நாள் கட்டணம் உண்டு, வழக்கமான முறையில் திரும்ப எடுக்கவே 12 மணி நேரம் வரை ஆகலாம். நாளை காலை ஆடிட்டர் கேட்கக்கூடிய ஃபைலை அங்கே வைக்க வேண்டாம்.

எந்த வால்யூமுக்கும் பக்கெட்டுக்கும் (எஸ்3-இல் ஃபைல்களை வைக்கும் தொகுப்பு) பொறுப்பாளர் ஒருவர், காலாவதித் தேதி ஒன்று என்று இன்றே எழுதத் தொடங்குங்கள். பொறுப்பாளர் யாரென்றே தெரியாதவற்றை உடனே அழித்துவிடாதீர்கள். முதலில் அணுகலைத் துண்டித்து ஒரு மாதக் கணக்கு முடிப்பு கடக்கும்வரை காத்திருங்கள். சட்டப்படி வைத்திருக்க வேண்டியதா என்று கேட்டு, கடைசியாக ஒரு பேக்கப்பை உண்மையிலேயே ரீஸ்டோர் செய்து பார்த்துவிட்டு நீக்குங்கள்.

இதெல்லாம் முடிந்து மிஞ்சுவதற்குத்தான் ஆரேயா கிளவுடா என்ற கேள்வி. நாள் முழுக்க ஒரே சீராக ஓடும் டேட்டாபேஸ் என்றால் சொந்த ஆரே பக்கம் சாய்வேன். அபூர்வமாகத் தொடும் ஆர்க்கைவுக்கும், திடீரென்று ஏறி இறங்கும் வேலைகளுக்கும் கிளவுட். வெளியே எடுக்கும் டேட்டாவுக்கு அங்கே பெரும்பாலும் தனிக் கட்டணம் உண்டு என்பதால், மாதம் எவ்வளவு டேட்டாவைத் திரும்ப இழுக்கிறீர்கள் என்ற எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு விலை கேளுங்கள்.