போலரைசர் வாங்கும் முன் லென்ஸ் மூடியின் உட்பக்கத்தைப் பாருங்கள்

கேள்வி: 18-55 லென்ஸுடன் ஒரு டிஎஸ்எல்ஆர் கேமரா வைத்திருக்கிறேன். ஊரைச் சுற்றியுள்ள தாமரைக் குளங்களைப் படம் எடுப்பது வழக்கம். தண்ணீர் வெள்ளையாகப் பளபளத்துப் படத்தைக் கெடுக்கிறது. போலரைசர் ஃபில்டர் வாங்கச் சொல்கிறார்கள். சில நூறு ரூபாய்க்கும் இருக்கிறது, பல ஆயிரத்துக்கும் இருக்கிறது. எதை வாங்குவது? கணினியில் சரிசெய்துகொள்ள முடியாதா?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: முடியாது. வானத்தின் நீலத்தைக் கணினியில் கூட்டிக்கொள்ளலாம். ஆனால் தண்ணீர்மேல் விழுந்த வெளிச்சம் அடியில் நீந்திய மீனை மறைத்துவிட்டால், அந்த மீன் படத்தில் பதிவாகவே இல்லை. இன்றைய மென்பொருள் வேண்டுமானால் ஒரு மீனை வரைந்து கொடுக்கும். அது உங்கள் குளத்து மீன் இல்லை. அதனால்தான் மற்ற ஃபில்டர்களுக்குச் செலவழிக்கத் தயங்கும் நான், இதற்கு மட்டும் தயங்குவதில்லை.

தண்ணீர், கண்ணாடி, ஈர இலை ஆகியவற்றில் சாய்வாகப் பட்டுத் திரும்பும் ஒளி பெரும்பாலும் ஒரே திசையில் அதிர்கிறது. ஃபில்டரின் முன்வளையத்தைச் சுழற்றினால் அந்த ஒளி தடைபடும். குளத்தை நேர்மேலிருந்து பார்த்தால் பயன் இல்லை. நீர்ப்பரப்பிலிருந்து சுமார் 37 பாகைச் சாய்வில் பார்க்கும்போது பலன் உச்சம். தாமரை இலைமேல் தெரியும் வெள்ளைப் பளபளப்பு விலகி உண்மையான பச்சை வெளிப்படுவதைப் பார்த்தால், தண்ணீரை மறந்து இலைகளையே எடுக்கத் தொடங்கிவிடுவீர்கள். பித்தளைக் குடம், குத்துவிளக்கு போன்ற உலோகங்களின் பளபளப்பை மட்டும் இது குறைக்காது.

இனி அளவு. 18-55 என்பது குவியத் தொலைவு. அதைச் சொல்லி ஃபில்டர் கேட்காதீர்கள். லென்ஸின் முன்விளிம்பிலோ மூடியின் உட்பக்கத்திலோ, குறுக்கே கோடு போட்ட வட்டத்துக்கு அருகில் ஓர் எண் இருக்கும். கேனானின் 18-55 லென்ஸ்கள் பலவற்றில் அது 58 மி.மீ., நிக்கானில் 52 அல்லது 55. பெரிய லென்ஸ் வாங்கும் எண்ணம் இருந்தால், இப்போதே 67 அல்லது 77 மி.மீ. ஃபில்டரை வாங்கி, குறைந்த விலைக்குக் கிடைக்கும் ஸ்டெப்-அப் வளையத்தால் சின்ன லென்ஸில் பொருத்திக்கொள்ளலாம். லென்ஸின் ஹூடை (வெயில் மறைப்பை) அப்போது மாட்ட முடியாது என்பதே இதில் உள்ள தொல்லை.

விலையில் நான் நடுத்தரத்தின் பக்கம். மிக மலிவானவற்றில் பல அடுக்குப் பூச்சு இருக்காது. வெயிலை நோக்கித் திருப்பினால் படம் வெளிறிவிடும். ஹோயா, நிசி, பி பிளஸ் டபிள்யூ போன்ற நிறுவனங்களின் பல அடுக்குப் பூச்சுள்ள நடுத்தர வகை உங்களுக்குப் போதும். கடையில் மடிக்கணினியின் வெள்ளைத் திரைக்கு முன்னால், ஃபில்டரின் வெளிப்பக்கம் திரையை நோக்கி இருக்குமாறு பிடித்து மெல்லச் சுழற்றுங்கள். ஏதாவது ஒரு கோணத்தில் ஏறக்குறைய கருமையாக வேண்டும். வெள்ளைத் தாளை அதன் வழியே பார்த்தால் மஞ்சளோ பச்சையோ ஏறக்கூடாது. வளையம் தடங்கலின்றிச் சுழல வேண்டும், தானாக நகரவும் கூடாது.

எப்போதும் மாட்டியே வைத்திருக்காதீர்கள். பாதியிலிருந்து முக்கால் பங்கு வரை வெளிச்சத்தை இது குடித்துவிடும். மாலையில் 1/125 நொடி போதுமான இடத்தில் 1/30 வரை இறங்க நேரும், கை நடுக்கம் படத்தில் தெரியும். 18 மி.மீ.யில் வானத்தை அகலமாக எடுத்தால் ஒரு பக்கம் கருநீலம், மறுபக்கம் வெளிறல் என்று திட்டுத்திட்டாக விழும். சூரியனுக்குச் செங்குத்தான திசையில்தான் வானம் நன்றாகக் கறுக்கும். காலையில் வடக்கே மலையை நோக்கி எடுத்துப் பாருங்கள். வானவில் வந்தால் கவனம்: தவறான கோணத்தில் சுழற்றினால் வில்லே காணாமல் போய்விடும்! இன்னொன்று, பழைய 18-55 லென்ஸ்கள் சிலவற்றில் ஃபோகஸ் செய்யும்போது முன்பகுதியே சுழலும். அப்படியானால் முதலில் ஃபோகஸ், பிறகு போலரைசர்.

கேள்வி: அப்பாவின் ஃபிலிம் கேமராவில் இருந்த லீனியர் போலரைசரை என் டிஜிட்டல் கேமராவில் பயன்படுத்தலாமா?
– வாசகி, திருச்சி

பதில்: உள்ளே பிரதிபலிக்கும் கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமரா என்றால் தாராளமாக. டிஎஸ்எல்ஆர் என்றால் வேண்டாம். அதிலுள்ள பகுதி ஒளி ஊடுருவும் கண்ணாடியில் லீனியர் ஃபில்டரின் ஒளி பட்டால் ஆட்டோஃபோகஸும் ஒளி அளவீடும் தடுமாறக்கூடும். அதற்காகவே சர்குலர் எனப்படும் இன்னொரு வகைப் போலரைசரில் பின்பக்கம் கூடுதலாக ஓர் அடுக்கு வைக்கிறார்கள். பெயரில் உள்ள ‘சர்குலர்’ ஃபில்டரின் வடிவத்தைக் குறிப்பதில்லை. லீனியரும் வட்டமாகத்தான் இருக்கும்.

கேள்வி: ஆன்லைனில் வாங்கிய போலரைசரை எப்படிச் சுழற்றினாலும் மாற்றமே இல்லை. பெட்டியைத் திறந்துவிட்டதால் திரும்பப் பெற மாட்டோம் என்கிறார் விற்பனையாளர். என்ன செய்வது?
– வாசகர், சேலம்

பதில்: முதலில் மேலே சொன்ன திரைச் சோதனையைச் செய்யுங்கள். பின்பக்கத்தைத் திரைக்குக் காட்டினால் நல்ல ஃபில்டரும் கறுக்காது. நிறம்தான் சற்று மாறும். சரியான பக்கத்திலும் கறுக்கவில்லை என்றால் உங்களிடம் இருப்பது சாதாரணக் கண்ணாடி. சுழற்றிக் காட்டும் காணொளி ஒன்றை எடுத்து விற்பனையாளருக்கு அனுப்புங்கள். குறையுள்ள, போலியான அல்லது விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளைத் திரும்பப் பெறவோ பணத்தைத் தரவோ மறுக்கக் கூடாது என்கின்றன 2020ஆம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகள். பெட்டியைத் திறக்காமல் ஃபில்டரை யார்தான் சோதிக்க முடியும்? அவர் இன்னும் பிடிவாதம் பிடித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் கொடுங்கள். அதுவரை பெட்டியையும் ரசீதையும் எறிந்துவிடாதீர்கள்.