புத்தாண்டு விளக்கும் பெட்ரல் குஞ்சும்

கேள்வி: பிரெஞ்சுத் தீவான ரீயூனியனில், சேன் லூயி ஊரில் எங்கள் கோயிலில் தமிழ்ப் புத்தாண்டுக்கு இரவு முழுக்கக் கோபுரத்துக்கு ஃபோகஸ் லைட் போடுவோம். போன ஏப்ரலில் பிராகாரத்தில் ஒரு கடற்பறவை விழுந்து கிடந்தது. விளக்கே போடக்கூடாதா? பறவையைத் தொட்டால் சட்டச் சிக்கல் வருமா?

பதில்: மேலே சாம்பல், அடியில் வெள்ளை, நுனி வளைந்த கறுத்த அலகு என்றால் அது பரோ பெட்ரல் என்ற கடற்பறவையின் குஞ்சு. அழியும் நிலையிலுள்ள இந்த இனம் நம் ரீயூனியன் மலைகளை நம்பித்தான் இருக்கிறது. உயரமான மலைச்சரிவுகளில் மண்வளைக்குள் ஆண்டுக்கு ஒரே முட்டை. ஏப்ரல் வாக்கில் குஞ்சு, தாய் தகப்பன் துணையில்லாமல், இருட்டியதும் கடலைத் தேடிக் கிளம்பும். வழியில் பளிச்சென்ற விளக்கு கண்டால் திசை தடுமாறி விழும். சமதரையிலிருந்து அதற்கு எழும்பிப் பறக்க வராது; மிச்சத்தை நாயும் பூனையும் பார்த்துக்கொள்ளும்.

பலரும் நள்ளிரவில் விளக்கை அணைத்துவிட்டுக் கடமை முடிந்தது என்று நினைக்கிறார்கள். போதாது. குஞ்சுகள் அதிகம் விழுவது பொழுது சாய்ந்த முதல் சில மணி நேரத்தில்தான், அதாவது உங்கள் பூஜை நேரத்தில். எனவே வானத்தைப் பார்த்து அடிக்கும் ஃபோகஸ் லைட்டுகளைக் குஞ்சுகள் கிளம்பும் அந்த வாரங்களில் மட்டும் போடாமல் விட்டுவிடுங்கள். ஆள் நடக்கிற இடத்தில் மூடி போட்ட, கீழ்நோக்கிய மஞ்சள் பல்பு போதும். கருவறை விளக்குக்கும் அகல் வரிசைக்கும் ஒரு தடையும் இல்லை. பஞ்சாங்கத்தையும் பாருங்கள்: பௌர்ணமியை ஒட்டிய இரவுகளில் விழுவது குறைவு. புத்தாண்டை ஒட்டி அமாவாசை வந்தால் கூடுதல் கவனம் வேண்டும்.

சட்டம் பற்றிப் பயப்படாதீர்கள். பாதுகாக்கப்பட்ட இனத்தைக் கொல்வதும் பிடித்து வைத்துக்கொள்வதும் குற்றம். பிரெஞ்சுச் சட்டப்படி 3 ஆண்டு சிறை, 150,000 யூரோ அபராதம் வரை போகலாம். விழுந்ததை எடுத்து உடனே உரியவர்களிடம் சேர்ப்பது அதில் வராது. பிள்ளைகள் ஆசைப்படுகிறார்கள் என்று வீட்டில் வைத்து வளர்க்க மட்டும் நினைக்காதீர்கள்.

துண்டைப் போர்த்தித் தூக்குங்கள், அலகு கடிக்கும். துளையிட்ட அட்டைப்பெட்டியில் வைத்து மூடி, சத்தமில்லாத இருட்டு மூலையில் வையுங்கள். தண்ணீரோ சோறோ மீனோ கொடுக்க வேண்டாம். பறக்கட்டும் என்று மேலே வீசவே கூடாது. அடிபட்டிருந்தால் அதோடு போயிற்று. பறவை மீட்புச் சங்கமான சேயோருக்கு (SEOR) உடனே போன் செய்யுங்கள். அவர்கள் பரிசோதித்துக் கடலோரத்தில் பறக்கவிடுவார்கள். மார்ச் முடிவதற்குள் சங்கத்தின் எண்ணைக் காவலாளியிடம் கொடுத்து, ஒரு பெட்டியும் பழைய துண்டும் மடப்பள்ளி ஓரமாக எடுத்து வைத்துவிடுங்கள்.