பல நாள் நடைப்பாதையில் தண்ணீர் கிடைக்கும் இடத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

பையைச் சுமந்துகொண்டு பல நாள் நடப்பவர்கள் வழியில் தண்ணீருக்கு என்ன செய்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். அமெரிக்காவின் பசிபிக் கிரெஸ்ட் டிரெயிலில், தெற்குக் கலிபோர்னியாவில் நடந்ததை வைத்துச் சொல்கிறேன். மெக்சிகோ எல்லையிலிருந்து கனடா எல்லை வரை சுமார் 4,265 கி.மீ. போகும் பாதை அது. தண்ணீர்க் கஷ்டம் தெற்கில்தான் அதிகம்.

அங்கே போய்த் தேடிக்கொள்ளலாம் என்று மட்டும் கிளம்பாதீர்கள். வரைபடத்தில் நீலக்கோடு இருக்கும், ஆனால் ஏப்ரலில் ஓடிய ஓடை ஜூனில் வெறும் மணலாகக் கிடக்கும். நடப்பவர்களே எழுதிவைக்கும் தண்ணீர் அறிக்கையும் நடைப்பாதை வரைபடம் காட்டும் ஃபார்அவுட் செயலியில் வரும் குறிப்புகளும்தான் கைகொடுக்கும். அதிலும் நான் முதலில் பார்ப்பது தேதியை. மூன்று வாரத்துக்கு முன்பு ஒருவர் ‘நன்றாக ஓடுகிறது’ என்று எழுதியிருப்பார். நேற்று இன்னொருவர் ‘சொட்டுச் சொட்டாக வருகிறது, பாட்டில் நிரம்ப ஐந்து நிமிடம் ஆகிறது’ என்று எழுதியிருப்பார். நேற்றையதைத்தான் நம்புவேன்.

அந்தப் பாதையில் சிசர்ஸ் கிராஸிங் என்ற இடத்திலிருந்து பேரல் ஸ்பிரிங் என்ற ஊற்று வரை சுமார் 38 கி.மீ. கள்ளியும் புதரும்தான், நிழல் கிடையாது, நம்பிப் போக ஒரு ஊற்றும் இல்லை. நடுவே தர்டு கேட் என்ற இடத்தில் தன்னார்வலர்கள் தண்ணீர் கொண்டுவந்து வைப்பதுண்டு. எவ்வளவு பெரிய உதவி! ஆனால் அது காலியாகியும் கிடக்கலாம். அதை நம்பிக் குறைவாக எடுத்துப் போவது ஆபத்து. நான் ஆறு லிட்டர் சுமந்தேன், அதாவது ஆறு கிலோ. கிளம்புகிற இடத்திலேயே வயிறு நிறையக் குடித்துவிட்டு, விடிவதற்கு முன்பே ஏற ஆரம்பித்தால் அந்த ஆறு லிட்டர் தாராளமாக வரும்.

பேரல் ஸ்பிரிங்கில் ஒரு சிமென்ட் தொட்டி இருக்கிறது. குழாயில் தண்ணீர் வந்தால் அங்கேயே பிடியுங்கள்; தொட்டிக்குள் பாசி, பூச்சி எல்லாம் இருக்கும். எங்கே பிடித்தாலும் வடிகட்டாமல் குடிக்க வேண்டாம். சாயர் ஸ்குவீஸ் மாதிரி வடிகட்டிகள் பாக்டீரியாவையும், வயிற்றுப்போக்கு உண்டாக்கும் ஜியார்டியா என்ற ஒட்டுண்ணியையும் தடுக்கும். வைரஸையோ பூச்சிமருந்தையோ தடுக்காது. அதே பாதையில் இன்னும் வடக்கே வரும் சான் ஜசின்டோ மலையில் இரவு உறைகுளிர் அடிக்கும். நனைந்த வடிகட்டி ஒருமுறை உறைந்தால் உள்ளே இருக்கும் நுண்குழல்கள் வெடித்துவிடலாம், வெளியே பார்த்தால் தெரியாது. அதனால் ராத்திரி அதைத் தூங்கும் பைக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள். கூடவே தண்ணீரில் போட்டுக் கிருமியைக் கொல்லும் குளோரின் மாத்திரை ஒரு அட்டை இருக்கட்டும்.