நூபியா: கேட்டவர்களுக்குப் பதில்கள்

எகிப்தைப் பற்றி எப்போது பேச்செடுத்தாலும் "தெற்கே நூபியா என்று ஒரு நாடு" என ஒரு வரியில் தாண்டிப் போய்விடுவேன். இந்த முறை விடமாட்டோம் என்று பிடித்துக்கொண்டீர்கள். வந்த கேள்விகளில் ஒன்றுபோல இருந்தவற்றைச் சேர்த்து எழுதியிருக்கிறேன்.

கேள்வி: நூபியா, குஷ், எத்தியோப்பியா மூன்றும் ஒன்றுதானா சார்? படிக்கப் படிக்கக் குழம்புகிறது.

குழப்பம் நியாயமானதுதான். நூபியா என்பது நிலப்பகுதி. எகிப்தின் அஸ்வானில் தொடங்கி சூடானின் கார்ட்டூம் வரை நைல் கரையோரம் நீள்வது. குஷ் என்பது அங்கே எழுந்த அரசு. வெயிலில் கருகிய முகத்தார் என்ற பொருளில் கிரேக்கர்கள் அவர்களை 'ஐத்தியோப்பியர்' என்றார்கள். இன்றைய எத்தியோப்பியா வேறு நாடு. எகிப்தியர் வைத்த பழைய பெயர்களில் எனக்குப் பிடித்தது 'தா-சேத்தி', வில் நாடு. அவர்களுடைய வில்லாளிகளுக்கு அவ்வளவு பேர்.

இன்னொன்று: நைல் வடக்கு நோக்கி ஓடுவதால் 'மேல் நூபியா' வரைபடத்தில் கீழே இருக்கும்.

கேள்வி: நான் வரலாற்று ஆசிரியை. நூபியர்கள் எகிப்தைப் பார்த்துக் காப்பியடித்தவர்கள் என்றுதான் எங்களுக்குச் சொல்லித்தந்தார்கள். சரியா?

இல்லை டீச்சர். அந்த எண்ணம் எப்படி வந்தது என்பதே ஒரு கதை.

1913-இல் ஜார்ஜ் ரைஸ்னர் என்ற அமெரிக்கர் சூடானில் கெர்மா என்ற இடத்தைத் தோண்டினார். சுமார் 90 மீட்டர் அகலத்தில் வட்ட மண்மேடாக ஒரு சமாதி. உள்ளே மன்னனோடு சேர்த்துப் பலியிடப்பட்டவர்கள் பலர். அங்கேயே எகிப்திய ஆளுநர் ஹப்ஜெஃபாவின் உடைந்த சிலையும், அவர் மனைவி சென்னுவியின் அழகான கற்சிலையும் கிடைத்தன. ரைஸ்னர் முடிவு கட்டிவிட்டார்: இது எகிப்திய ஆளுநரின் சமாதி, கெர்மா எகிப்தின் புறக்காவல் ஊர். கறுப்பு ஆப்பிரிக்கர்களால் இவ்வளவு செய்ய முடியும் என்று அந்தக் காலத்து ஆளுக்குத் தோன்றவே இல்லை.

ஆனால் ஹப்ஜெஃபாவின் கல்லறை எகிப்தில் அசியூத்தில் இருக்கிறது. சிலைகள் மட்டும் இவ்வளவு தூரம் வந்தது எப்படி? கெர்மாவிலிருந்து குஷ் படை வடக்கே போய்க் கொள்ளையடித்து வந்தவை என்பதுதான் இன்றைய விளக்கம். எகிப்தின் எல்-கப் ஊரில் ஒரு கல்லறையில் 2003-இல் தெரியவந்த எழுத்து, குஷ் படையெடுப்பை எகிப்தியர் வாயாலேயே சொல்கிறது. கிமு 2500 முதல் 1500 வரை கெர்மா தனி அரசாக நின்றது. அதன் நடுவே பச்சைச் செங்கல்லால் எழுப்பிய 'டெஃபூஃபா' என்ற கோயில் இன்றும் 18 மீட்டர் உயரத்துக்கு நிற்கிறது.

பிற்காலத்தில் எகிப்திய தெய்வங்களையும் எழுத்தையும் நூபியர்கள் எடுத்துக்கொண்டது உண்மை. ஐந்நூறு ஆண்டுக்குக் கொஞ்சம் குறைவாக எகிப்து அவர்களை ஆண்டதே, ஒட்டாமல் இருக்குமா?

கேள்வி: கறுப்பு ஃபாரோக்கள் என்கிறார்களே, உண்மையிலேயே எகிப்தை ஆண்டார்களா?

ஆண்டார்கள். 25-ஆம் வம்சம். கிமு 727 வாக்கில் பியே என்ற மன்னர் குஷின் தலைநகரான நபாடாவிலிருந்து புறப்பட்டு எகிப்தின் குட்டி அரசர்களை ஒவ்வொருவராகப் பணியவைத்தார். அந்த வெற்றியை ஒரு பெரிய கல்லில் வெட்டிவைத்தார். அதில் ஒரு காட்சி: ஹெர்மோபோலிஸ் நகரம் பணிந்தபின் பியே நேராகக் குதிரை லாயத்துக்குப் போகிறார். முற்றுகையில் குதிரைகள் பட்டினி கிடந்து எலும்பும் தோலுமாக நிற்கின்றன. நீ எனக்குச் செய்த மற்ற எல்லாக் கெடுதலையும்விட இதுதான் எனக்கு வேதனை என்று தோற்ற அரசனிடம் சொல்கிறார். சும்மா பேச்சில்லை. எல்-குர்ரூவில் இந்த வம்சத்தாரின் சமாதிகளுக்கு அருகே 24 குதிரைகளை நின்ற நிலையில் புதைத்திருக்கிறார்கள்.

பியேயின் மகன் தஹர்கா பைபிளில் 2 இராஜாக்கள் 19-இல் வருகிறார். கடைசியில் இரும்பு ஆயுதங்களோடு வந்த அசீரியர்கள் இவர்களைத் தெற்கே துரத்தினார்கள்.

கேள்வி: அப்போஸ்தலர் 8-இல் வரும் 'ராஜஸ்திரீயாகிய கந்தாகே' இவர்களில் ஒருவரா அண்ணா?

ஆமாம் தங்கச்சி, ஆனால் அது பெயரில்லை, பட்டம். மெரோவே நகரத்திலிருந்து ஆண்ட அரசிகளையும் அரசத் தாய்மார்களையும் அப்படி அழைத்தார்கள். ஒரு கந்தாகே ரோமோடு மோதினார். ஒரு கண் பார்வையில்லாதவர் என்று அந்தக் காலத்துக் கிரேக்க எழுத்தாளர் ஸ்ட்ராபோ எழுதுகிறார். அமனிரெனாஸ் என்ற அரசி என்பது ஆய்வாளர்கள் பலரின் கணிப்பு. கிமு 25 வாக்கில் குஷ் படை அஸ்வானைத் தாக்கி அகஸ்டஸின் சிலைகளைப் பெயர்த்துக்கொண்டு போனது. ரோமர்கள் பதிலுக்கு நபாடாவை அழித்தார்கள். ஆனாலும் உடன்படிக்கையில் அகஸ்டஸ் கப்பத்தைத் தள்ளுபடி செய்தார்.

1910-இல் மெரோவேயில் ஒரு கோயில் படிக்கட்டுக்கு அடியில் அகஸ்டஸின் வெண்கலத் தலை கிடைத்தது. உள்ளே போகிறவர்கள் எல்லாரும் மிதித்துக்கொண்டு போகட்டும் என்றே புதைத்திருக்கிறார்கள். இப்போது லண்டனில், பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. மண்ணுக்குள் கிடந்ததால்தான் பதித்த கண்கள்கூடச் சேதமில்லாமல் தப்பின.

கேள்வி: சூடானில் எகிப்தைவிட அதிகப் பிரமிடுகளா? நம்பவே முடியவில்லை.

200-க்கும் மேல். அளவில் சிறியவை, ஆனால் செங்குத்தானவை. உடலைப் பிரமிடுக்குள் வைக்காமல் அடியில் குடைந்த அறையில் வைத்தார்கள். நடுவில் ஒரு கம்பம் நட்டு, நம் ஊர் ஏற்றம் போல மறுமுனையில் பாரம் கட்டிக் கல்லைத் தூக்கியிருக்க வேண்டும் என்பது ஜெர்மன் கட்டடக் கலைஞர் ஹிங்கெலின் விளக்கம். ஏற்றத்தின் கை எட்டும் தூரம்தான் கட்டடத்தின் அகலம்! பல பிரமிடுகளுக்கு இன்று உச்சி இல்லை. 1834-இல் இத்தாலிய மருத்துவர் ஃபெர்லினி, அமனிஷாகெடோ அரசியின் பிரமிடை இடித்து நகைகளை அள்ளினார். அவை இப்போது பெர்லினிலும் மியூனிக்கிலும்.

கேள்வி: அவர்களுக்குச் சொந்த எழுத்து இருந்ததா?

இருந்தது. மெரோவே எழுத்து, மொத்தம் 23 குறிகள். தமிழ் படித்தவர்களுக்கு உடனே பிடிபடும்: மெய்க்குறி தனியாக நின்றால் அதில் அகரம் ஏறியிருக்கும், வேறு உயிர் வேண்டுமானால்தான் பக்கத்தில் இன்னொரு குறி. உறவு இருக்குமோ என்று கிளம்பிவிடாதீர்கள், வெறும் ஒற்றுமைதான். ஒலியை கிரிஃபித் என்ற ஆங்கிலேயர் 1911-க்குள் கண்டுபிடித்துவிட்டார். வாய்விட்டுப் படிக்க முடியும், பெரும்பாலும் பொருள் தெரியாது! தெரிந்த கொஞ்சத்தில் சில சொற்கள்: 'கோரே' மன்னன், 'அதோ' தண்ணீர். இறந்தவருக்குத் தண்ணீரும் ரொட்டியும் நிறையக் கிடைக்கட்டும் என்ற வேண்டுதல் கல்லறைக் கல்லுக்குக் கல் வருவதால் அந்த மட்டும் புரிந்தது.

கேள்வி: நாகா கோயிலில் நான்கு கை தெய்வம் இருக்கிறதாமே. நம்ம ஊர்க்காரங்க போயிருப்பாங்களோ?

இதைக் கேட்காமல் விடமாட்டீர்கள் என்று தெரியும். அபெடெமாக், சிங்கத் தலைப் போர்த்தெய்வம். சூடானின் நாகாவில் கோயிலின் பின்சுவரில் மூன்று தலை, நான்கு கையோடு நிற்கிறார். பக்கச் சுவரில் தாமரையிலிருந்து எழும் பாம்புடல். இந்தியத் தாக்கம் என்று அந்தக் காலத்தில் சிலர் எழுதினார்கள். இடப்பக்கம் ஒருவர், வலப்பக்கம் ஒருவர் வணங்குவதால் சிற்பி இருபுறத்துக்கும் முகமும் கையும் கொடுத்தார் என்பது எளிய விளக்கம். நான் அதன் பக்கம். தமிழ் எழுத்துள்ள பானை ஓடுகள் செங்கடல் துறைமுகமான குசைர் அல்-காதிமில் கிடைத்தவை. அது எகிப்துக் கரை. மெரோவே உள்நாட்டில் வெகுதூரம்.

கேள்வி: நூபியர்கள் இன்று இருக்கிறார்களா? போய்ப் பார்க்கலாமா?

இருக்கிறார்கள், நோபீன் போன்ற மொழிகளும் பேசப்படுகின்றன. ஆனால் அஸ்வான் உயர் அணையின் நீர் 1960-களில் ஊர்களை மூழ்கடித்தது. அபு சிம்பெல் கோயிலை அறுத்தெடுத்து மேட்டில் வைத்தார்கள். ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் வீடு விட்டுப் போனார்கள். எகிப்துப் பக்கத்தவர்களைக் கோம் ஓம்போ அருகே குடிவைத்தார்கள். அங்கே புது ஊர்களுக்கும் பழைய பெயர்களே.

சூடானுக்கு இப்போது போகாதீர்கள். 2023 ஏப்ரலில் தொடங்கிய போரில் கார்ட்டூம் தேசிய அருங்காட்சியகமே சூறையாடப்பட்டது. அஸ்வான் போகலாம், அங்கே நூபிய அருங்காட்சியகம் நன்றாக இருக்கும். பாஸ்டனில் இருப்பவர்கள் ஒரு எட்டு நுண்கலை அருங்காட்சியகத்துக்குப் போய் வாருங்கள். டீச்சருக்குச் சொன்னேனே, அந்தச் சென்னுவி அம்மா அங்கேதான் உட்கார்ந்திருக்கிறார்.