ஒயில் டெஸ்டில் இரும்பு கூடினால் எஞ்சினைப் பிரிக்க வேண்டுமா?

எஞ்சின் ஒயில் டெஸ்ட் ரிப்போர்ட்டில் இரும்பு 90ஐத் தாண்டிவிட்டது, கராஜில் எஞ்சினை இறக்கச் சொல்கிறார்கள், என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். உங்களுடையதும் டீசல் லொறியாகத்தான் இருக்கும் என்று நினைத்து எழுதுகிறேன். அவசரப்பட்டு இறக்காதீர்கள்.

நான் மஸ்கெலியா பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து ஏற்றுகிறேன். பழைய லொறி, லீசிங் இன்னும் கட்டி முடியவில்லை. போன வருடம் ஒயிலைக் கொழும்புக்கு அனுப்பி டெஸ்ட் செய்தேன். இரும்பு 96 பிபிஎம், அதாவது பத்து லட்சம் பங்கு ஒயிலில் 96 பங்கு. கராஜ் பாஸ் அந்த ஒரு வரியைப் பார்த்துவிட்டு, லைனர் (பிஸ்டன் ஓடும் குழாயின் உள்சுவர்) போய்விட்டது, பிஸ்டனும் மாற்ற வேண்டும் என்றார். மீதியைக் கேட்டதற்கு, "தோட்டத்து ஆளுக்கு இதெல்லாம் விளங்காது தம்பி" என்றார். அது இன்னும் மனதில் கிடக்கிறது.

அன்று இரவே ஒவ்வொரு வரியாகத் தேடிப் படித்தேன். சிலிக்கன் 41, அலுமினியம் 18. செம்பும் ஈயமும் மிகக் குறைவு. பெயாரிங் தேய்ந்தால் அந்த இரண்டும்தான் காட்டிக்கொடுக்கும். சிலிக்கனும் அலுமினியமும் சேர்ந்து ஏறினால் பெரும்பாலும் மண் தூசி. கேஸ்கட்டுக்குப் பூசும் பசையென்றால் சிலிக்கன் மட்டும்தான் ஏறும். உள்ளே போன தூசி லைனரை அரைக்கிறது, இரும்பு அங்கிருந்து வருகிறது.

காலையில் ஏர் கிளீனர் ஹோஸைக் கழற்றினேன். கிளிப்புக்கு அடியில் ஒரு விரல் நீளத்துக்கு வெடிப்பு! ஹோஸும் ஃபில்டரும் ஒயிலும் மாற்றி, முன்பு போலவே 5,000 கிலோமீட்டர் ஓடிய பிறகு மறுபடி அனுப்பினேன். சிலிக்கன் 11, இரும்பு 38.

ஒரு ரிப்போர்ட்டை வைத்து முடிவு சொல்லக் கூடாது என்று சிலர் வருவீர்கள். சரிதான், அதனால்தான் இரண்டாவதும் அனுப்பினேன். பெரிய உலோகத் துகள் ஒயில் டெஸ்ட் செய்யும் மெஷினில் அகப்படாது என்பதும் தெரியும். பழைய ஒயில் ஃபில்டரை வெட்டி, மடிப்பு மடிப்பாக விரித்துப் பார்த்தேன். உலோக மினுக்கம் இல்லை.

தூசி எங்கிருந்து வந்தது என்றும் சொல்ல வேண்டும். தை, மாசியில் எங்கள் தோட்ட ரோட்டில் முன்னால் போகும் வண்டி தெரியாது. கொழுந்தைக் கிலோ கிலோவாக எண்ணுகிறவர்கள் அது வரும் ரோட்டுக்கு ஒரு லோட் கல் கொட்டுவதில்லை. பிள்ளைப்பேற்றுக்குப் பெண்களையும் இதே ரோட்டில்தான் கொண்டுபோகிறோம்.

நீங்கள் செம்பு, ஈயம், சிலிக்கன் எண்களையும், அந்த ஒயில் எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்பதையும் எழுதவில்லை. அவற்றையும் போடுங்கள். சோடியமும் பொட்டாசியமும் கூடியிருந்தால் மட்டும் லொறியை எடுக்காதீர்கள், எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் ஒயிலில் கலக்கிறதா என்று முதலில் பாருங்கள்.