பெரியவளானால் பந்தை வைத்துவிட வேண்டுமா?

கேள்வி: என் மகள் எட்டாம் வகுப்பு. பள்ளி ஃபுட்பால் டீமில் இருக்கிறாள். போன மாதம் பெரியவளானாள். "இனிமே ஆம்பளப் பிள்ள மாதிரி ஓடக் கூடாது, நாலு பேர் என்ன பேசுவாங்க" என்கிறார் மாமியார். அவள் வாப்பா வாயே திறக்கவில்லை. பிள்ளை அழுகிறாள். என்ன செய்ய?
– ஒரு தாய், காயல்பட்டினம்

பதில்: அஸ்ஸலாமு அலைக்கும் சகோதரி. பிள்ளையை நிறுத்தாதீர்கள், முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். என் எறிபந்தும் இதே வயதில்தான் நின்றது. "கொஞ்ச நாள் போகட்டும்" என்றுதான் வீட்டில் சொன்னார்கள், அந்தக் கொஞ்ச நாள் முடியவே இல்லை.

மாமியாரோடு சண்டை வேண்டாம், பக்கத்தில் உட்கார்ந்து பேசுங்கள். ஒரு பயணத்தில் ஆயிஷா நாயகி நபி (ஸல்) அவர்களோடு ஓடி ஜெயித்ததும், பிற்பாடு உடம்பு போட்டதும் இன்னொரு தடவை ஓடித் தோற்றதும், "அதற்கு இது" என்று நபியவர்கள் சொன்னதும் அபூதாவூத் ஹதீஸ் தொகுப்பில் இருக்கிறது. நபியவர்களே மனைவியோடு ஓடியிருக்கும்போது, ஓட்டத்தை எப்படி ஆம்பளைப் பிள்ளைக்கு மட்டும் எழுதிக் கொடுப்பது?

உடைதான் கவலையா? 2011-ல் ஒலிம்பிக் தகுதிப் போட்டிக்கு ஜோர்டான் வந்த ஈரான் பெண்கள் அணியை, தலையை மூடியிருக்கிறார்கள் என்று ஆடவே விடவில்லை. 2014-ல் ஃபிஃபா அந்தத் தடையை எடுத்தது. 2023 உலகக் கோப்பையில் மொராக்கோவின் நுஹைலா பென்சினா ஹிஜாபோடு இறங்கினார், தென் கொரியாவை 1-0 என்று ஜெயித்தார்கள். உங்கள் மகளுக்கும் முழுக்கை டீஷர்ட், டிராக் பேன்ட், பின் குத்தாமல் அப்படியே மாட்டிக்கொள்ளும் ஹிஜாப் போதும். பி.டி. டீச்சரிடம் நீங்களே நேரில் போய்ப் பேசுங்கள். வலி இருக்கும் நாளில் உட்கார்ந்துகொள்ளலாம் என்பதை மகளுக்கும் சொல்லி வையுங்கள்.

எனக்கு உறுத்துவது மாமியார் பேச்சைவிட அவள் வாப்பாவின் மௌனம்தான். நிகத் ஜரீன் 2022-ல் குத்துச்சண்டையில் உலகச் சாம்பியன் ஆனாரே, நிஜாமாபாத்தில் அவர் பயிற்சியைத் தொடங்கிய நாளில் உறவும் ஊரும் பேசாத பேச்சில்லை, அப்போது பின்வாங்காமல் மகளோடு நின்றவர் அவருடைய தந்தை ஜமீல். நாலு பேர் பேசட்டும், வாப்பா ஒரு வார்த்தை "அவ விளையாடட்டும்மா" என்று தன் தாயிடம் சொன்னால் வீட்டில் பாதிப் பிரச்சினை அடங்கிவிடும். அதை அவரிடம் நேராகக் கேளுங்கள், ஜாடையாக வேண்டாம். அப்புறம், ஒரு மேட்சுக்காவது அவரை மைதானத்துக்கு அனுப்புங்கள். வெளியூர் ஆட்டம் என்றால் அவரே கூட்டிப் போகட்டும்.

பேசி முடிக்க நாளாகலாம். அதுவரை மகளின் ஷூவை மட்டும் யாரும் பரணில் ஏற்றிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.