வண்டி ஷெட்டில் நிற்கிறது, டோல் எப்படிப் போச்சு? நீலகிரி வாசகர்களின் ஃபாஸ்டேக், ஆர்.சி. கேள்விகள்

இந்தத் தடவை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே இடத்தில்தான் போய் முட்டுகின்றன. ஆர்.சி. என்கிற பதிவுச் சான்றில் ஒரு மாதிரி, அரசின் வாகனப் பதிவுக் கணினியான வாஹனில் வேறு மாதிரி, டோல் கட்டும் ஃபாஸ்டேக் கணக்கில் மூன்றாவது மாதிரி. மலையில் ஓட்டும் வரை இது யாருக்கும் தெரிவதில்லை, அவிநாசி தாண்டி விஜயமங்கலம் டோலில் வண்டியை நிறுத்தி ஓரங்கட்டச் சொல்லும்போதுதான் தெரிகிறது. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

அண்ணா, கார் இரண்டு வாரமாக ஷெட்டை விட்டு எடுக்கவே இல்லை. ஞாயிறு மதியம் சேலம் பக்கம் ஒரு டோலில் பணம் எடுத்ததாக மெசேஜ் வருகிறது. ஸ்டிக்கரை யாராவது காப்பி அடித்துவிட்டார்களா? (வாசகி, கோத்தகிரி)

காப்பி அடித்திருப்பார்கள் என்று உடனே பயப்பட வேண்டாம்மா. இதற்கு வழக்கமான காரணம் வேறு. வேறொரு வண்டியின் டேக்கை மெஷின் படிக்காதபோது கவுண்டரில் இருப்பவர் நம்பர் பிளேட்டைப் பார்த்துக் கையால் அடிக்கிறார், அவசரத்தில் ஒரு எண் மாறிவிட்டால் பணம் உங்கள் கணக்கில் இருந்து போய்விடும். இப்படித் தப்பாக எடுத்ததற்காக டோல் நடத்துபவர்களுக்கு ஒரு தவறுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் போட்டிருக்கிறார்கள், ஆகவே உங்கள் புகாரை யாரும் சின்ன விஷயம் என்று ஒதுக்க முடியாது.

முதலில் மெசேஜை விட்டுவிட்டு ஸ்டேட்மென்ட்டை எடுங்கள். டேக் கொடுத்த வங்கியின் ஃபாஸ்டேக் பக்கத்தில் கிடைக்கும். அதில் ஒரு வரிக்குள் இரண்டு நேரம் இருக்கும்: மெஷின் டேக்கைப் படித்த நேரம் ஒன்று, பணம் கழிந்த நேரம் இன்னொன்று. படித்த நேரம் நீங்கள் நிஜமாகவே அந்தப் பக்கம் போன நாளாக இருந்தால் அது தாமதமாக எடுத்த சரியான டோல்தான். இரண்டும் ஞாயிற்றுக்கிழமையே என்றால் புகார் கொடுக்கலாம். டோலின் பெயர், லேன் நம்பர், பரிவர்த்தனை எண் எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள்.

புகார் யாரிடம் என்பதில்தான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். ரீசார்ஜ் செய்த செல்போன் ஆப்பிடம் எழுதிப் பயனில்லை, அவர்கள் பணத்தை வங்கிக்கு அனுப்பிவைப்பவர்கள் மட்டுமே. டேக் கொடுத்த வங்கியிடம் எழுதுங்கள், கூடவே நெடுஞ்சாலை உதவி எண் 1033க்கும் கூப்பிட்டுப் பதிவு எண் வாங்குங்கள். உங்கள் வங்கி டோலின் வங்கியிடம் ஆட்சேபம் கிளப்பும், அவர்கள் லேனில் எடுத்த படத்தைக் காட்ட வேண்டும். படத்தில் இருப்பது உங்கள் வண்டி இல்லை என்றால் பணம் திரும்பும். அன்று கார் ஊரில்தான் இருந்தது என்று காட்ட ஏதாவது இருந்தால் சேர்த்து அனுப்புங்கள்: ஒர்க்‌ஷாப் பில், வீட்டு கேமரா பதிவு, எதுவானாலும் சரி.

தொகை சின்னது என்றாலும் அந்தப் படத்தைக் கேட்டு வாங்குங்கள். ஏனென்றால் படத்தில் வேறொரு கார், அதில் உங்கள் நம்பர் பிளேட் என்று வந்தால் கதையே வேறு. அப்போது அன்றைக்கே காவல் நிலையத்தில் எழுதிக்கொடுத்து ரசீது வாங்கிவிட வேண்டும். போக்குவரத்துத் துறையின் பரிவாஹன் இணையதளத்தில் இ-செலான் பக்கத்தில் உங்கள் நம்பரைப் போட்டு அபராதம் ஏதும் விழுந்திருக்கிறதா என்றும் பாருங்கள். நாளைக்கு அந்தப் போலி நம்பர் வண்டி விபத்தில் சிக்கினால் போலீஸ் வந்து நிற்பது உங்கள் வீட்டு வாசலில்தான்.

கோவையில் டி.என். 38 கார் ஒன்று செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். பழைய ஓனரின் ஃபாஸ்டேக் அப்படியே ஒட்டியிருக்கிறது, ரீசார்ஜ் செய்தால் வேலையும் செய்கிறது. அப்படியே விட்டுவிடலாமா? நம்பரை நீலகிரியின் டி.என். 43 ஆக மாற்ற வேண்டுமா? (வாசகர், குன்னூர்)

விடக் கூடாது. டேக் உங்கள் கண்ணாடியில் இருந்தாலும் கணக்கு அவர் பெயரில், அவர் செல்போனில். நீங்கள் போடும் பணம் அவர் கணக்கில் போய் விழுகிறது, அவர் ஒரு நாள் மூடச் சொன்னால் நீங்கள் டோலில் நிற்க வேண்டியதுதான்.

வரிசையாகச் செய்யுங்கள். முதலில் பெயர் மாற்றம்: படிவம் 29, 30. விற்றவர் 14 நாளுக்குள், வாங்கிய நீங்கள் 30 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். ஆர்.சி.யில் பைனான்ஸ் பெயர் இன்னும் இருந்தால் படிவம் 35ம் பைனான்ஸ் கொடுத்த தடையில்லாச் சான்றும் (என்.ஓ.சி.) தேவை, அதை முடிக்காமல் எதுவும் நகராது. பழைய ஓனர் தன் வங்கியில் டேக்கை மூடட்டும், அவருடைய டெபாசிட்டும் மீதியும் அவருக்கே போய்விடும். அப்புறம் உங்கள் பெயரில் புது டேக். ஒரு வண்டிக்கு ஒரு டேக்தான் என்று விதி இருப்பதால் பழையதை மூடாமல் புதிது எடுக்கப் போனால் பெரும்பாலும் அங்கேயே தட்டிவிடும். அவர் போனையே எடுக்கவில்லை என்றால், தேசிய கொடுப்பனவுக் கழகத்தின் இணையதளத்தில் வண்டி நம்பரைப் போட்டால் எந்த வங்கி டேக், என்ன நிலையில் இருக்கிறது என்று காட்டும். உங்கள் பெயருக்கு மாறிய ஆர்.சி. நகலோடு அந்த வங்கியில் எழுதிக் கேளுங்கள்.

நம்பர் மாற்றத் தேவையே இல்லை. தமிழ்நாட்டுக்குள் எந்த ஊருக்குப் போனாலும் டி.என். 38 டி.என். 38தான், முகவரிக்கு மட்டும் படிவம் 33. நீலகிரிக்குள் வரக் கேட்கும் இ-பாஸ் விஷயத்துக்காகக் கேட்கிறீர்கள் என்று புரிகிறது. டி.என். 43 வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டாம், மற்ற நம்பர் வைத்திருக்கும் நீலகிரிக்காரர்கள் ஆர்.சி., இன்ஷூரன்ஸ், புகைச் சான்று, முகவரிச் சான்று கொடுத்து உள்ளூர் பாஸ் கேட்கலாம். அதற்கும் ஆர்.சி. உங்கள் பெயரில் இருக்க வேண்டும்.

ஜீப்புக்கு இன்ஷூரன்ஸ் போடப் போனால் சேஸிஸ் நம்பர் பொருந்தவில்லை என்கிறார்கள். ஃபாஸ்டேக்கும் ரிஜெக்ட். ஆர்.சி. புத்தகத்தில் சரியாகத்தான் இருக்கிறது. 15 வருடம் முடியப் போகிறது, ரினீவல் நேரத்தில் பார்த்துக்கொள்ளலாமா? (வாசகர், கூடலூர்)

காத்திருக்காதீர்கள். பழைய ஆர்.சி. புத்தகங்களைக் கணினியில் ஏற்றியபோது விழுந்த பிழை இது, மலையில் பழைய ஜீப் நிறைய இருப்பதால் எனக்கு அடிக்கடி வரும் கேள்வியும் இதுதான். புத்தகத்தில் சரியாக இருந்து பயனில்லை. இன்ஷூரன்ஸ்காரர், புகைச் சான்று மையம், டேக் கொடுக்கும் வங்கி, மூன்று பேரும் பார்ப்பது வாஹன் பதிவைத்தான்.

முதலில் பரிவாஹனில் உங்கள் வண்டி விவரத்தை எடுத்து, புத்தகத்தோடு ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்துப் பாருங்கள். இங்கே ஒரு உபயோகமான விஷயம்: 17 இலக்க சேஸிஸ் நம்பரில் ஆங்கில எழுத்து ஐ, ஓ, க்யூ மூன்றும் வரவே வராது. ஒன்றோடும் பூஜ்யத்தோடும் குழம்பும் என்பதால் உலகம் முழுக்க அவற்றை விலக்கி வைத்திருக்கிறார்கள். ஆகவே கணினியில் ஓ என்று இருந்தால் அது பூஜ்யம், ஐ என்று இருந்தால் அது ஒன்று, சந்தேகமே வேண்டாம். எட்டும் ஆங்கில பி-யும், ஐந்தும் எஸ்-ஸும் மாறுவதுதான் அடுத்தபடி.

அப்புறம் வண்டியிலேயே பாருங்கள். ஃபிரேமில் அடித்திருக்கும் எண்ணின் மேல் நம் ஊர் மழைக்குச் சேறும் துருவும் ஏறியிருக்கும். மண்ணெண்ணெய் நனைத்த துணியால் நிதானமாகத் துடையுங்கள். அரம், உப்புத்தாள், கிரைண்டர் எதையும் அந்தப் பக்கமே கொண்டுபோகாதீர்கள், எழுத்து தேய்ந்துவிட்டால் நம்பரைத் திருத்திய வண்டி என்ற சந்தேகம் வந்துவிடும், அதிலிருந்து மீள்வது ரொம்பக் கஷ்டம். சுத்தமானதும் மேலே மெல்லிய தாளை வைத்துப் பென்சிலைச் சாய்த்துத் தேய்த்தால் எண் அச்சாக வரும். அதை இரண்டு மூன்று பிரதி எடுத்துக்கொள்ளுங்கள்.

அந்த அச்சு, ஆர்.சி. புத்தகம், ஷோரூம் கொடுத்த விற்பனைச் சான்றான படிவம் 21 கையில் இருந்தால் அதுவும், எல்லாவற்றையும் வைத்து, வண்டியைப் பதிவு செய்த அலுவலகத்தில் திருத்தம் கேட்டு எழுதிக்கொடுங்கள். பிரேக் இன்ஸ்பெக்டர் வண்டியை நேரில் பார்த்து ஒப்பிட வேண்டியிருக்கும், வண்டியோடு போவதே நல்லது. ரினீவலுக்கும் இதே பரிசோதனைதான். அன்றைக்கு எண் பொருந்தவில்லை என்று திருப்பி அனுப்பினால் ஆர்.சி. காலாவதியாகி வண்டி ரோட்டில் ஏற முடியாது, இன்ஷூரன்ஸும் இருக்காது. பந்தலூரில் ஆஸ்பத்திரி அவசரத்துக்குக்கூட ஜீப்பைத்தான் நம்பியிருக்கும் வீடுகள் எத்தனை! அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். திருத்தம் ஏறியபின் இன்ஷூரன்ஸ், புகைச் சான்று, கடைசியாக டேக், இந்த வரிசையில் போங்கள்.

கேத்தியிலிருந்து கேரட் லோடு ஏற்றி சென்னைக்குப் போகும் பிக்அப். டோலில் ஒரு தொகை எடுக்கிறான், நான்கைந்து நாள் கழித்து மறுபடி எடுக்கிறான். (வாசகர், ஊட்டி)

டேக் தப்பான வகையில் கொடுக்கப்பட்டிருக்கிறது. காருக்கு வகை 4, டாடா ஏஸ் போன்ற குட்டி சரக்கு வண்டிக்கு 20, அதைவிடப் பெரிய பிக்அப்புக்கு 5. உங்கள் டேக் 4 என்று பதிவாகியிருக்கும், டோலில் இருக்கும் சென்சார் வண்டியின் உருவத்தை அளந்து வேறு வகை என்று சொல்லும், வித்தியாசத்தைப் பின்னால் பிடிக்கிறார்கள். இப்படியே போனால் டேக்கை முடக்கியும் விடுவார்கள். ஸ்டேட்மென்ட்டில் வகை எண்ணைப் பாருங்கள், ஆர்.சி.யோடு வங்கிக்குப் போய்ச் சரியான வகையில் மாற்றி வாங்குங்கள். உண்மையிலேயே கூடுதலாகப் பிடித்திருந்தால் ஆட்சேபம், மேலே சொன்ன அதே வழி. ஒருவேளை பாடி மாற்றிக் கட்டிய வண்டி என்றால் அந்த மாற்றம் முதலில் ஆர்.சி.யில் ஏற வேண்டும்.

புதுக் கார். ஷோரூமிலேயே டேக் ஒட்டிக் கொடுத்தார்கள். டோலுக்கான ஃபாஸ்டேக் வருடப் பாஸ் வாங்கப் போனால் முடியவில்லை. (வாசகி, வெலிங்டன்)

டேக் இன்னும் சேஸிஸ் நம்பரில் இருக்கிறது. ஆர்.சி. வந்ததும் வங்கியில் வண்டி நம்பரைச் சேர்க்கச் சொல்லுங்கள், வாங்கி 90 நாளுக்குள் சேர்த்துவிட வேண்டும், விட்டால் டேக் முடங்கும். சேர்த்தபின் நெடுஞ்சாலை ஆணையத்தின் ராஜ்மார்க்யாத்ரா ஆப்பில் பாஸ் கிடைக்கும். ஒரு வருடம் அல்லது 200 தடவை, எது முந்துகிறதோ அதுவரை, தேசிய நெடுஞ்சாலை டோல்களில் மட்டும். மாநில நெடுஞ்சாலை டோலில் வழக்கம்போலப் பணம் எடுக்கும், அதைப் பார்த்து ஏமாற்றிவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம்.

மஞ்சள் போர்டு டாக்ஸிக்கு அந்தப் பாஸ் உண்டா? (வாசகர், குன்னூர்)

இல்லை. சொந்த உபயோகக் கார், ஜீப், வேனுக்கு மட்டும். டாக்ஸி ஓட்டுபவர்கள்தான் அதிகம் டோல் கட்டுகிறார்கள், அவர்களுக்கும் ஒரு சலுகை வந்தால் நன்றாக இருக்கும் என்றே நானும் நினைக்கிறேன். ஆனால் இன்றைய விதி அதுதான்.

பேலன்ஸ் குறைந்து பிளாக்லிஸ்ட் ஆகிவிட்டது. டோல் வரிசையில் நிற்கும்போதே ரீசார்ஜ் செய்தால் போதுமா? (வாசகர், அரவேணு)

தேசிய நெடுஞ்சாலை டோல்களில் டேக்கின் நிலை உடனுக்குடன் தெரிந்துவிடும் என்கிறார்கள், பெரும்பாலும் வேலை செய்யும். மாநிலச் சாலைகளில் சில இடங்களில் பட்டியல் புதுப்பிக்கத் தாமதமாகும், அங்கே நம்ப முடியாது. வீட்டிலேயே முடித்துக்கொண்டு இறங்குங்கள், மலைப்பாதை வளைவுகளில் எல்லா இடத்திலும் சிக்னல் நிற்பதில்லை. டேக் செல்லவில்லை என்றால் 100 ரூபாய் டோலுக்கு ரொக்கமாக 200, யு.பி.ஐ.யில் 125 என்று வைத்தார்கள். இது 2025 நவம்பர் 15 முதல் வந்த கணக்கு, அதனால் மாட்டிக்கொண்டால் யு.பி.ஐ.யில் கட்டுங்கள். டேக்கும் சரி, பேலன்ஸும் இருக்கிறது, அவர்கள் மெஷின்தான் படிக்கவில்லை என்றால் ஒரு பைசா கொடுக்க வேண்டியதில்லை. 2018லிருந்தே உள்ள விதி இது. பூஜ்ய ரசீது கேட்டு வாங்கிக்கொண்டு போகலாம், கேட்டவுடன் தரவில்லை என்றால் அங்கிருந்தே 1033க்குக் கூப்பிடுங்கள்.